துணி வெட்டும் ஒளிக்கதிரும் நமது வீட்டுத் தையலும்

அக்குறணையிலும் அதனைச் சூழவுள்ள கிராமங்களிலும் பெண்களின் கைச்செலவுக்கு மட்டுமன்றி, பல வீடுகளில் அடுப்பெரிவதற்கும் தையல் இயந்திரமே நெடுங்காலமாகத் துணைநின்று வந்துள்ளது. பாடசாலைச் சீருடை, பெருநாள் உடுப்பு, கல்யாணச் சாரிக்கு ஓரம் அடித்தல், அபாயாவுக்குக் கைவேலை என்று ஆண்டு முழுவதும் அந்த மிதிகட்டைக்கு ஓய்வில்லை. அண்மைக் காலமாகச் சில வீடுகளில் அதன் அருகே இன்னோர் இயந்திரம் வந்து அமர்ந்திருக்கிறது. நான்கு அலுமினியச் சட்டங்கள். அவற்றின் மீது அங்குமிங்கும் ஓடும் ஒரு சிறு பெட்டி. அதன் அடியிலிருந்து ஊசிமுனையளவாக இறங்கும் நீல ஒளி. துணியை விரித்து, கணினியில் வரைந்த கொடியையும் பூவையும் அதற்கு அனுப்பினால், கத்தரிக்கோலோடு ஒரு நாள் முழுதும் குந்தியிருந்தாலும் வெட்ட முடியாத சல்லடைப் பூவேலையைச் சில நிமிடங்களில் வெட்டித் தந்துவிடுகிறது.

பாடப்புத்தகத் தமிழில் இதன் பெயர் இருவாயி லேசர். கடைத் தமிழில் டயோட் லேசர். கைத்தொழிற்சாலைத் தையல் இயந்திரம் ஒன்றின் விலையை ஒத்த தொகைக்கு இன்று இது கிடைக்கிறது. இதனை நான் வரவேற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது விற்கப்படும் முறையை வரவேற்க என்னால் இயலவில்லை. பொழுதுபோக்குக்குரியது, பிள்ளைகளும் இயக்கலாம், வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று இதற்குச் செய்யப்படும் விளம்பரம், ஒரு வெட்டுவாளை விளையாட்டுப் பொருளென்று சொல்லி விற்பதை ஒத்தது. வரவேற்பு ஏன், எச்சரிக்கை ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

லேசர் கொண்டு துணி வெட்டுவது புதுமையன்று. தியோடர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டியது 1960ஆம் ஆண்டு மே மாதத்தில். இருவாயி லேசர் 1962இல் வந்தது. கைத்தொழில் உலகை மாற்றிய காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அதன் பின்னர் பத்தாண்டுகள் செல்வதற்கு முன்னரே, 1970களின் தொடக்கத்தில், ஹியூஸ் எயர்கிராவ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனம் ஆண்களுக்கான கோட்டுத் துணியை லேசரால் வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்தது. ஜெனஸ்கோ என்ற ஆடை நிறுவனம் அதை வாங்கியும் நிறுவியது. எனினும் ஆடைத் தொழிற்சாலைகளை அது வெல்லவில்லை. வென்றவர் ஜோசப் கேர்பர். வியன்னாவில் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா சென்ற யூத இளைஞர் அவர். கணினியின் சொற்படி ஓடும் கத்தியைக் கொண்ட வெட்டு இயந்திரத்தை 1969இல் அவர் அறிமுகம் செய்தார்.

லேசர் தோற்றதற்கான காரணத்தைத்தான் நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கேர்பரின் கத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காற்றுறிஞ்சி அழுத்தப்பட்ட துணிக் கட்டை ஒரே வீச்சில் வெட்டியது. லேசரால் அது இயலாது. அடுக்கினால் மேல் அடுக்குக்குப் போதுமான சூடு கீழ் அடுக்குக்குப் போய்ச் சேராது. சேரும்படி சூட்டைக் கூட்டினால் மேலடுக்கு கருகும், செயற்கை இழையாயின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒற்றைத் துணியைத்தான் அது வெட்டும். ஆயிரக்கணக்கில் ஒரே அளவுச் சட்டை தைப்பவனுக்கு இது பெருங்குறை. ஆனால் ஓர் உடுப்பை ஒருவருக்காக மட்டும் தைக்கும் வீட்டுத் தையற்காரிக்கு இதில் என்ன குறை? அவள் என்றைக்கு ஐம்பது அடுக்கு வெட்டினாள்? தொழிற்சாலை வேண்டாமென்று ஒதுக்கிய குணமே வீட்டுக்குப் பொருந்தி வருகிறது. எனது வரவேற்புக்கு முதற்காரணம் இதுதான்.

இயந்திரம் வீடு வரை வந்த கதையும் சுவையானது. நீல ஒளி தரும் இருவாயியை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சாத்தியமாக்கியவர் சூஜி நகமுரா. அகசாகி, அமானோ ஆகியோருடன் அவர் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நீல லேசர் இருவாயிகள் பின்னர் படவீழ்த்திகளில் இடம்பிடித்தன. 2010 அளவில் கசியோ நிறுவனத்தின் படவீழ்த்திகளை உடைத்து, உள்ளே வரிசையாக இருந்த இருவாயிகளைப் பிடுங்கியெடுத்து விளையாடத் தொடங்கினார்கள் மேலைநாட்டுப் பொழுதுபோக்காளர்கள். அந்த விளையாட்டிலிருந்து வளர்ந்த சந்தையில்தான் இன்று சீனாவின் எக்ஸ்டூல், ஓர்ட்டர், ஸ்கல்ப்ஃபன், அட்டம்ஸ்டாக் முதலிய பெயர்கள் போட்டியிடுகின்றன.

இனித் துணிக்கு வருவோம். புடவைக் கடைகளில் வளர்ந்த நமது ஊரவர்களுக்கு ஓர் அறிவு இயல்பாகவே உண்டு. துணியின் தரத்தில் ஐயம் வந்தால், ஓரத்திலிருந்து ஓரிழையை உருவி நெருப்புக்குச்சியைக் காட்டுவார்கள். கடதாசி எரியும் மணமும் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. மயிர் பொசுங்கும் மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுத்த கடினமான மணியாக நின்றால் பொலியெஸ்டர். லேசர் செய்வதும் இந்தச் சோதனையையே. வேறுபாடு, பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலத்தில் அதைச் செய்கிறது என்பதுதான். எனவே பழைய புடவைக் கடை முதலாளி ஒருவருக்கு இந்த இயந்திரத்தின் நடத்தையை விளங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். பருத்தி கருகும், வெட்டிய ஓரம் மண்ணிறமாகும், தோய்த்தால் ஓரளவு போகும், முழுவதும் போகாது, நூலும் பிரியும். பொலியெஸ்டர் உருகி, ஓரம் தானாகவே மூடிக்கொள்ளும். நூல் பிரியாது, ஓரம் மடித்து அடிக்கவும் தேவையில்லை.

இங்கே நிறமும் பேசுகிறது. பொழுதுபோக்கு இயந்திரங்களின் ஒளி ஏறத்தாழ 450 நனோமீற்றர் அலைநீளமுடைய நீலம். கண்ணுக்குத் தெரியும் ஒளி. தெரியும் ஒளியை வெள்ளை திருப்பியனுப்பும், கறுப்பு உட்கொள்ளும். காபனீரொட்சைட்டு லேசரின் அலைநீளம் 10,600 நனோமீற்றர். துணி எந்த நிறமானாலும் அதற்குப் பொருட்டன்று. ஆனால் இருவாயி லேசருக்கு நிறமே விதி. வெள்ளைப் பருத்தித் துணியில் திணறும் அதே இயந்திரம், கறுத்தப் பொலியெஸ்டர் துணியில் வெண்ணெயில் கத்தி போல ஓடும். அபாயாவுக்குப் பெரும்பாலும் பயன்படுவது கறுத்தப் பொலியெஸ்டர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் நமது பெண்களின் உடையை மனத்திற்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் அப்படித்தான் அமைந்துவிட்டது. பாடசாலை வெள்ளைச் சீருடையையும் ஜுப்பாத் துணியையும் இதனிடம் கொண்டுவருபவர்கள் ஏமாறுவார்கள்.

ஆயினும் கறுத்தத் துணியிலும் ஒரு நுட்பம் உண்டு. உருகி மூடிய ஓரம் ஆறும்போது கடினமாகும். மணிக்கட்டிலும் கழுத்திலும் உராய்ந்தால் தோலைக் கீறும். எனவே பூவேலை வெட்டிய துணியை மேலடுக்காக வைத்து, தோலில் படும் பக்கத்துக்கு மெல்லிய உட்துணி கொடுப்பதே முறை. பருத்தியாயின், நமது பாட்டிமாரின் கஞ்சியே சிறந்த உபாயம்: சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, அழுத்தி எடுத்த துணி கடதாசி போல விறைத்து நிற்கும், கதிர் படும்போதும் காற்றுக் குழாய் ஊதும்போதும் சுருங்காது, எழும்பாது. வெளிர் நிறத் துணியானால் மேலே கடதாசி ஒட்டுநாடா ஒட்டி வெட்டினால் புகைக்கறை நாடாவோடு போய்விடும். இவையெல்லாம் இயந்திரத்தோடு வரும் கையேட்டில் இல்லை. செய்து பழகியவர்களின் வாயிலிருந்தே வருகின்றன.

பொறித்தல் என்பது இன்னொரு கலை. டெனிம் துணியில் அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில்தான் தங்கியிருக்கும், உள்ளே வெள்ளை. மெல்லிய கதிர் மேற்பரப்பின் நீலத்தை மட்டும் எரித்தால் வெள்ளைச் சித்திரம் தோன்றும். ஸ்பானியாவின் வலென்சியா நகரிலுள்ள ஜீனோலொஜியா நிறுவனம் 1999இலேயே டெனிமுக்கு லேசரைக் கொண்டுவந்தது. 2018 பெப்ரவரியில் லீவைஸ் நிறுவனம், தனது காற்சட்டைகளைத் தேய்ந்தது போலக் காட்டும் வேலையைக் கையிலிருந்து லேசருக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. இதைக் கேட்டுக் கைத்தொழிலாளர்களுக்காகக் கவலைப்படுபவர்கள் துருக்கியின் கதையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். காற்சட்டையைப் பழசாக்குவதற்காக மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிய அந்நாட்டு இளைஞர்களின் நுரையீரல்கள் மணற்றூசியால் இறுகிப்போயின, பலர் இறந்தனர், 2009இல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது. எல்லாக் கைவேலையும் கைவினை ஆகிவிடாது. சில கைவேலைகள் ஒழிவதே மனிதனுக்கு நல்லது.

(பொறித்தல் பற்றிய பேச்சில் ஓர் இடைக்குறிப்பு. மெத்தையுறைகளிலும் மேசை விரிப்புகளிலும் திருவசனங்களைப் பொறித்துத் தருமாறு கேட்கும் பழக்கம் தலைகாட்டியிருக்கிறது. தோய்த்துப் பிழிந்து, பழையதானதும் தரை துடைக்கப் போகும் துணியில் அதைப் பொறிப்பது தகுமா என்று எமது மூத்தவர்கள் கேட்பதில் நியாயமிருக்கிறது. பெயரையும் பூவையும் பொறிக்கட்டும்.)

கைவினை என்றதும் கண்டிப் பிரதேசத்தில் வாழும் எவரும் ஆனந்த குமாரசுவாமியை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1877இல் கொழும்பில் பிறந்த அந்தத் தமிழ் மகன் எழுதி, 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல், கண்டியின் நெசவையும் தையற்பூவேலையையும் பாய் முடைதலையும் ஆவணமாக்கியது. இயந்திர உற்பத்தியை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்நூலை அவர் எதில் அச்சிட்டார்? வில்லியம் மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்குரிய கையச்சு இயந்திரத்தில், தமது மேற்பார்வையிலேயே அச்சிட்டார். கையச்சும் ஓர் இயந்திரம்தானே. இயந்திரம் வேலைசெய்பவனின் கைக்குள் இருக்கிறதா, அல்லது வேலைசெய்பவன் இயந்திரத்தின் வாய்க்குள் இருக்கிறானா என்பதே அவர் தரப்பிலிருந்து கேட்கத்தக்க கேள்வி என்று நான் விளங்கிக்கொள்கிறேன். வேறு விதமாக விளங்கிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களோடு வாதிட இது இடமன்று.

இந்தக் கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு பார்த்தால், வீட்டு லேசரின் நன்மையும் தீமையும் பிரிந்து தெரியும். அக்குறணையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சென்றால் மாத்தளையில் அலுவிஹாரை. எனா டி சில்வா தமது முதிய பருவத்தில் அங்கு அமைத்த பட்டறையில், அயற்கிராமப் பெண்கள் பற்றிக்கும் பூத்தையலும் பழகினர். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் கூரையுட்புறத்தை அலங்கரித்த பற்றிக் அவருடைய ஆக்கம். 2015இல் அவர் காலமானார். ஒரு வடிவமைப்பாளரின் கற்பனையும் கிராமப் பெண்ணின் கையும் சேர்ந்தால் துணி எவ்வளவு உயரத்துக்குப் போகலாம் என்பதற்கு நமது வீதியோரத்திலேயே கிடைத்த சான்று அது. லேசர் வைத்திருக்கும் பெண்ணுக்கும் வேண்டுவது அதுவே. வெட்டுவதற்கு இயந்திரம் உண்டு; எதை வெட்டுவது? இன்று பெரும்பாலும் வெட்டப்படுவது, இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிய, உலகம் முழுவதும் ஆயிரம் பேர் வெட்டும் அதே பட்டாம்பூச்சி. இதற்கு எத்தனை நாளைக்கு விலை கிடைக்கும்?

மறுபுறம் குண்டசாலையை அடுத்த ஹேனவலைக் கிராமம். தும்பறைப் பாய் என்று நாம் அறிந்த, சணல் போன்ற நாரில் மான், பறவை, பூ, கோல உருவங்களை நெய்யும் கலை அங்கு ஒரு சில குடும்பங்களிடம் எஞ்சியிருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதை மானிட குலத்தின் புலனாகா மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அந்த மானையும் பறவையையும் படமெடுத்து, கோடாக்கி, பெல்ட் துணியில் லேசரால் பொறித்து, 'தும்பறை வேலைப்பாடு' என்று சுற்றுலாப் பயணிக்கு விற்பதற்கு அரை மணி நேரம் போதும். இதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாரை உரித்து, சாயம் காய்ச்சி, நாள் கணக்கில் தறியில் குனிந்திருப்பவரின் பெயரை, பொத்தானை அழுத்தியவர் எடுத்துக்கொள்வது வியாபாரமன்று. நமது சட்டமும் இதைப் பற்றி மௌனமாக இல்லை: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நாட்டார் வழக்கின் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

அதே சட்டம் லேசர்ப் பெண்ணையும் பாதுகாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தானே வரைந்த புதிய வடிவத்தைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்துகொண்டால் ஐந்தாண்டுப் பாதுகாப்பு உண்டு. மேலும் இருமுறை ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவும் முடியும். ஆனால் வடிவம் புதியதாக இருக்கவேண்டும். நம்மவர்கள் செய்வதோ, வெட்டி முடித்த சூடு ஆறுவதற்குள் முகநூலில் படம் போடுவது. பதிவுக்கு முன்னரே ஊருக்குக் காட்டிவிட்ட வடிவத்தைப் புதியதென்று நிறுவுவது கடினம்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன். முதலாவது, வாற்றுப் பொய். பெட்டியின் மீது '40 வாற்று' என்று பெரிதாக எழுதியிருக்கும். அது இயந்திரம் மின்சாரத்திலிருந்து உறிஞ்சும் அளவாக இருக்கலாம்; துணியில் விழும் ஒளியின் வலு 5 வாற்றாக இருக்கலாம். ஓர் இருவாயி தனித்துத் தருவது ஏறத்தாழ அவ்வளவுதான்; 10 வேண்டுமாயின் இரண்டையும் 20 வேண்டுமாயின் நான்கையும் ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டியது ஒளியின் வலுவை மட்டுமே. (மின்சாரச் செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. துணி அழுத்தும் பெட்டி இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். அஞ்ச வேண்டியது மின்வெட்டைத்தான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்த நாடு இது. பூவேலையின் பாதியில் மின்சாரம் போனால், விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் துணி வீணாகும்.)

இரண்டாவது, கண். அரை வாற்றுக்கு மேற்பட்ட எந்த லேசரும் சர்வதேச வகைப்படுத்தலில் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. மிக ஆபத்தான வகுப்பு அதுவே. பொழுதுபோக்குக்குரியதென்று விற்கப்படும் இந்த இயந்திரத்தின் கதிர் அந்த எல்லையைப் போல் பத்து, இருபது மடங்கு. நேராகப் பார்த்தால் மட்டுமே ஆபத்து என்று எண்ணுவது தவறு. பளபளக்கும் பரப்பில் பட்டுத் தெறிக்கும் கதிரும் விழித்திரையைச் சுடும். காபனீரொட்சைட்டு லேசரின் கதிர் கண்ணின் வெளிப்படலத்திலேயே நின்றுவிடுகிறது. நீலக் கதிரோ கண்வில்லையால் குவிக்கப்பட்டு நேரே விழித்திரையில் இறங்குகிறது. சாதாரணக் கண்ணாடியும் அதைத் தடுக்காது. அண்மையில் நான் பார்த்த ஒரு வீட்டில் இயந்திரம் முன்னறையில், மூடுபெட்டி எதுவுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. இயக்கிய பிள்ளை நிறக்கண்ணாடி அணிந்திருந்தாள். பக்கத்தில் பாயில் அமர்ந்து மணி கோத்துக்கொண்டிருந்த அவளுடைய உம்மாவுக்கும், நடைபழகும் குழந்தைக்கும் கண்ணாடி இல்லை. கண்ணாடி ஒன்றுதான் பெட்டியோடு வந்ததாம்.

மூன்றாவது, புகை. மூக்குக்குத் தெரியும் மணம் ஒருபுறமிருக்க, தெரியாதவையும் வரும். பொலியெஸ்டர் எரிகையில் அசற்றல்டிகைட்டு எழும். கம்பளி, பட்டு, அக்ரிலிக் ஆகியவற்றில் நைதரசன் இருப்பதால் ஐதரசன் சயனைட்டு தோன்ற இடமுண்டு. இவற்றை வெளியேற்றக் குழாயும் விசிறியும் போதும். ஆனால் ரெக்சின் வேறு கதை. கைப்பை தைப்பவர்கள் பயன்படுத்தும் ரெக்சினில் பெரும்பகுதி பீ.வீ.சீ. பூச்சுடையது. அதில் குளோரீன் உண்டு. கதிர் பட்டதும் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். மனிதனின் நெஞ்சையும் அரிக்கும், இயந்திரத்தின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்கச் செய்யும். ரெக்சினை லேசரிடம் கொண்டுபோகவே கூடாது. எது பீ.வீ.சீ. என்று தெரியாவிட்டால், செப்புக் கம்பியொன்றைச் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் ஒற்றி, மீண்டும் சுவாலையில் பிடித்துப் பாருங்கள். சுவாலை பச்சையாக மாறினால் குளோரீன் இருக்கிறது. நமது புடவைக் கடைக்காரரின் நெருப்புக்குச்சிச் சோதனைக்கு ஒரு தம்பி என்று இதைச் சொல்லலாம். செய்யும்போது யன்னல் திறந்திருக்கட்டும்.

நெருப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டுமா? மலைச்சரிவில் ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்பவை நமது வீடுகள். தீயணைப்பு வண்டி ஏறிவர இயலாத ஒழுங்கைகள். துணி, பஞ்சு, நூல் நிறைந்த அறையில், பல்லாயிரம் புள்ளிகளாகத் துணியைச் சுட்டுக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போவதென்பது நினைத்துப் பார்க்கவே கூடாதது.

இவ்வளவு ஆபத்தையும் சொல்லிவிட்டு ஏன் வரவேற்கிறேன் என்று கேட்பீர்கள். 1978இல் கட்டுநாயக்க வலயமும் 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் இந்நாட்டின் கிராமத்துப் பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைத்தன. நமது ஊர்ப் பெண்களில் மிகச் சிலரே போனார்கள். விடுதி வாழ்க்கைக்குப் பிள்ளைகளை அனுப்ப நமது குடும்பங்கள் விரும்பவில்லை. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். விளைவு, அவர்களுடைய உழைப்பு வீட்டுக்குள்ளேயே, மிகக் குறைந்த கூலிக்கு அடங்கிக் கிடந்தது. ஆண்களோ முதலையெல்லாம் கடைச் சரக்கில் போட்டார்கள். அந்தச் சரக்குக்கு என்ன நேர்ந்ததென்று நாம் அறிவோம். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணை நகரின் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்து, துணிக் கட்டுகள் சேற்றில் ஊறும். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்செயல் நமது வீதிக்கும் வந்தபோது கண்ணாடிகள் உடைந்தன, கடைகள் எரிந்தன. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவுக்காக ஊரே மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் இழந்தது வாழ்நாட் சேமிப்பை.

வீட்டு லேசரில் உழைப்பவருக்குச் சரக்கு தேவையில்லை. கேட்டவருக்குக் கேட்டதை, கேட்ட பிறகு வெட்டுகிறார். ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கழிந்துவரும் கட்பீஸ் துண்டுகளே மூலப்பொருளாகப் போதும். வடிவங்களோ கணினியில். முதல் முழுவதும் ஒரு மேசையின் அளவுக்குள் அடங்குகிறது. வெள்ளம் வந்தால் இருவர் தூக்கி மேல்மாடியில் வைத்துவிடலாம். டுபாயிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் ஆயிரக்கணக்கான ஒரேமாதிரி அபாயாக்களோடு விலையில் போட்டியிட முடியாது. ஆனால் மணப்பெண்ணின் பெயரை அவளே தெரிந்த கொடியோடு பின்னி ஓரத்தில் வெட்டித் தருவதை அந்தக் கப்பல்கள் செய்ய முடியாது. ஒற்றைத் துணியை மட்டுமே வெட்டத் தெரிந்த இயந்திரத்தின் சந்தை அங்கேதான் இருக்கிறது.

எனவே தடை விதியுங்கள் என்று நான் எழுதவில்லை. செய்யக்கூடியவை சில உண்டு. 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு நடைபெறுகிறது; தமிழ்மொழிப் பாடசாலைகளில் அப்பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இயந்திரத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டட்டும். ஊரின் மாதர் சங்கங்கள், தையல் வகுப்புகளோடு சேர்த்து வரைதலையும் கற்பிக்கட்டும்; பட்டாம்பூச்சியை இறக்குவதற்குப் பதிலாக, நமது பள்ளிவாசல்களின் யன்னற் கிராதிகளையும் நமது தோட்டத்துக் கறுவா இலையையும் கோடாக்கப் பழகட்டும். தனித்தனி வீடுகளில் ஐந்து திறந்த இயந்திரங்களை விட, புகைக்குழாயும் மூடுபெட்டியும் உள்ள ஓர் அறையில் ஐந்து பெண்கள் முறைவைத்து இயக்கும் நல்ல இயந்திரம் ஒன்று மேலானது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருள்களின் சுட்டுத்துண்டு குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உண்டு. நான் பார்த்த கையேடுகள் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தன. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு லேசர் இயந்திரத்திலும், ஒளியின் உண்மை வலு எத்தனை வாற்று, அறையிலுள்ள அனைவரும் கண்ணாடி அணிய வேண்டும், ரெக்சினை வெட்டக்கூடாது, ஓடும்போது அறையைவிட்டு நீங்கக்கூடாது என்ற நான்கு வரிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டுமென்று அந்தப் பணிப்புரை கூறட்டும். வாங்குபவர்களும் இப்போதே கடைக்காரரிடம் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கண்ணாடி கேளுங்கள். 450 நனோமீற்றர் என்று அதன் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.